அளவுக் கொப்பி

சீருடைக் கொப்பியில்
அதிபரின் மகளுக்கு நேர் கீழே
எழுதினேன் அவளை:
நாவலி. ஆறு மாதம்.
நெஞ்சுச் சுற்று முப்பத்தெட்டு.
கைநீளம், கழுத்து வெட்டு என்ற இடங்களில்
கோடு.

அதே நாடாதான்.
ஒரு கிழமையாய் ரவிக்கை அளக்க வந்தவர்கள்
மூக்கைச் சுளித்தார்கள்.

தகப்பன் என்று சொல்ல
பேரின்பத்தார் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்த
குளிர்ந்த குழாய் ஒன்றுதான்.
தாய், கொம்பு முறிந்த நாட்டுப் பசு.
‘வாற கண்காட்சிக்கு ஏத்துங்க இவள’ என்றார் அவர்,
கையுறையைக் கழற்றி வேலிக்கு எறிந்துவிட்டு.
சொல்வது லேசு.
உளுந்துக் கோதுக்கும் புண்ணாக்குக்கும்
இருபத்தாறு கவுன் தைத்தேன்.
அதையும் அளந்துதான் வைக்கவேண்டும்;
கொழுத்த நாகுக்கு மடியில் கொழுப்புக் கட்டும்,
பால் கட்டாது.
அவள் முட்டி முட்டிக் கேட்க
வாளியைக் கவிழ்த்துவிட்டு
மெசினில் போய் இருந்தேன்.
கத்தலுக்குள் ஓடியது தையல்,
கோணலாய்.

எனக்கு மாடு தெரியாது, துணி தெரியும்.
தோளிலிருந்து வாலடி வரை
முதுகு, இஸ்திரி போட்ட மடிப்பு.
விலா, தாராளமாய் விட்ட கொசுவம்.
தோலைப் பிடித்தால் வழுகும்,
பொப்ளின் அல்ல, வொயில்.
நாலு காம்பும் நாலு பொத்தான்,
இடைவெளி பிசகவில்லை.
பின்னால் போய் நின்றேன்.
இடது பின்காலின் கணு
ஒரு விரல் உள்ளே சாய்ந்திருந்தது.

துணியென்றால் பிரித்திருப்பேன்.

மூன்று மாதம், பின்னேரங்களில்
வட்டை வரம்பில் நடத்தினேன்.
இடது காலை ஒரு சாண் முன்னே வைத்து
நிற்கப் பழக்கினேன். அப்படி நின்றால் தெரியாது.
தலைக்கயிற்றை மெல்லச் சுண்டினால் போதும்,
கால் தானாய் வரும்.
முனைக்காட்டுப் பொடியன்கள்
‘அக்கா மாட்டுக்கு டான்ஸ் பழக்கிறா’ என்று
சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

கொக்கட்டிச்சோலை மைதானம். வெயில்.
ஒலிபெருக்கி என்னைக் கடித்துத் துப்பியது:
இலக்கம் பதினேழு, தேவமலர், அரசடித்தீவு.
சம்பூ மணக்க நின்றாள் நாவலி,
நாவற்பழக் கறுப்பில் என் முகம் தெரிய.
நெஞ்சுச் சுற்று ஐம்பத்திமூன்று.

நடுவர் திரும்பினா.
டொக்டர் சுகிர்தா.
போட்டிருந்தது நான் தைத்த ரவிக்கை.

அவவுக்கு வலத்தோள் கால் அங்குலம் தாழ்வு.
முதல் அளவிலேயே கண்டேன்.
அவ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
உள்ளே ஒரு பஞ்சு மடிப்பு வைத்துத் தைத்தேன்.
மூன்று வருடமாய், ஒவ்வொன்றிலும்.

விலாவைத் தடவினா. காம்பை எண்ணினா.
வாலைத் தூக்கிப் பார்த்தா.
நான் கயிற்றைச் சுண்டினேன்.
கால் முன்னுக்கு வந்தது, சொல் கேட்டு.
அவ சிரிக்கவில்லை.
‘நடத்துங்க’ என்றா.
‘இன்னும் ஒருக்கா. என்னை விட்டு அங்கால.’

அங்கால நடந்தோம்.
முதுகுக்குப் பின்னால் பேனா கீறுவது
அந்தச் சத்தத்தில் கேட்டிருக்க முடியாது.
கேட்டது.

இரண்டாம் இடம்.
ஒரு நீல நாடா, ஒரு அலுமினிய வாளி.
முதலாவது மகிழடித்தீவு நாகுக்கு;
அதற்கு முதுகு சரிவு, கால் நேர்.
தாளில் ‘பின்கால் அமைப்பு’க்கு நேரே
பத்துக்கு ஆறு.
நானாயிருந்தால் ஐந்து.

செவ்வாய்க்கிழமை டொக்டர் வந்தா,
கையில் மயில்நீலத் துணி.
கண்காட்சி பற்றி ஒன்றும் பேசவில்லை.
வெங்காய விலை பேசினோம்.
நாடாவைத் தோளில் வைத்தேன்.
‘இந்தமுறை’ என்றா,
கண்ணாடியைப் பார்த்தபடி,
‘பஞ்சு வேணாம்.’

வலம், இடம் என்று
இரண்டு கோட்டில் எழுதினேன்.
வெளியே
பரிசு வாளியை உருட்டிக்கொண்டிருந்தாள்
நாவலி.