குறிப்பு என்னும் கட்டம்

ஓர்த்தா துறைமுகத்தில் பேருந்து ஏறினால்
இதலினாவின் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.
அழுகிய முட்டை, தீக்குச்சி, திறந்த சாக்கடை:
அவரவருக்குத் தெரிந்ததை முணுமுணுத்து
முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.
முடிவெட்டும் பெண்கூட
இரண்டு தரம் ஷாம்பு போட்டு அலசிவிட்டு
"இது முடியில் இல்லை, உள்ளே இருக்கிறது" என்றாள்.

இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
இரண்டு தொட்டிகளுக்கு அவள் காவல்.
எண்ணூற்றைம்பது மீட்டர் ஆழத்தில்
வெந்நீர் ஊற்றின் ஓரமிருந்து
ரோபோவின் கை பிடுங்கி வந்த
கரும்பழுப்பு மட்டிகள், நாற்பத்து மூன்று.
(மட்டி என்றால் நம் பேச்சில் முட்டாள்.
வெயிலையே பாராமல்
நஞ்சைச் சோறாக்கத் தெரிந்ததை
அப்படிக் கூப்பிடுவது நம் வழக்கம்.)

உண்மையில் சமைப்பது அவை அல்ல,
செவுளுக்குள் குடியிருக்கும்
கண்ணுக்குத் தெரியாத கூட்டம்.
ஒன்று கந்தகத்தில் எரியும், ஒன்று மீத்தேனில்.
ஒரு வீட்டுக்குள் இரண்டு அடுப்பு. சண்டை இல்லை.
வாடகை, வீட்டுக்காரரின் சாப்பாடு.

ஜனவரியில் புயல்.
லிஸ்பனிலிருந்து வரவேண்டிய கப்பல்
தெர்செய்ராவில் ஒதுங்கி நின்றது.
மீத்தேன் உருளையின் முள்
சிவப்பைத் தொட்டுத் தொட்டு நடுங்கியது.
"ஒரு தொட்டிக்குத்தான் காணும்,
இடப்பக்கத்தை மூடிவிடு" என்றார் குவால்தெர்.
சொன்னவர் வீட்டுக்குப் போனார்.
திருகியது அவள் கை.

அவள் பிறந்த ஆண்டு
தீவின் மேற்கு முனையில் கடல் வெந்தது.
சாம்பல் ஏறிய கூரைகள் நொறுங்க
தெருவே அமெரிக்காவுக்குக் கப்பலேறியது.
விசா வந்தும் போகாமல்
ஒரு மாடு வாங்கினார் அவள் அப்பா.
ஏன் என்று கேட்டவர்களுக்கு
மாட்டைக் காட்டினார்.

ஏழாம் இரவு
யாரும் சொல்லாத ஒன்றைச் செய்தாள்.
பாசிப்பொடி ஒரு கரண்டி கரைத்து
இடப்பக்கத் தொட்டியில் ஊற்றினாள்.
வாய் என்று ஒன்று இவற்றுக்கும் இருக்கிறது,
பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் தட்டுபோல.
ஓடுகள் நூலிழை அளவு திறந்தன.

ஒன்பதாம் இரவு, மூன்று மணி.
தண்ணீர் பால்போல் கலங்கிக் கிடந்தது.
செத்து அழுகிவிட்டன, தன் கரண்டிதான் கொன்றது என்று
விரல் விறைக்க போன் செய்தாள்.
பைஜாமாவுக்கு மேல் மழைக்கோட்டோடு வந்தார் குவால்தெர்.
ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தார்.
நெடுநேரம் நிமிரவில்லை.
பிறகு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

உருண்டை உருண்டையாக முட்டைகள்.
சுற்றிலும் வால் துடிக்கும் திருவிழா.
ஜனவரி என்று இவற்றுக்கு யார் சொன்னது?
ஜன்னல் இல்லாத அறை. என்றும் ஒரே குளிர்.
பட்டினித் தொட்டிதான் முந்திக்கொண்டது,
வலப்பக்கம் இன்னும் தெளிந்த தண்ணீர்.
"எப்படி?" என்றாள்.
"தெரியாது."
கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே,
"தெரியாது" என்றார் மறுபடியும்.

பதிவேட்டில் வெப்பம், உப்பு, கந்தகம் எழுதினாள்.
மீத்தேனுக்கு நேரே பூஜ்யம்.
குறிப்பு என்னும் கட்டத்தில்
நான்கு வருடமாகக் கோடு மட்டுமே இழுத்தவள்
பேனாவைக் கடித்தபடி நின்று எழுதினாள்:
தண்ணீர் பாலாயிற்று. சாகவில்லை.
பாசிப்பொடி ஒரு கரண்டி. போட்டது நான்.

காலைப் பேருந்தில் பக்கத்து இருக்கை காலி.
நாற்றம் என்ற சொல்லுக்கு
ஒரு காலத்தில் நம் மொழியில் பூவாசம் என்று பொருள்.
அவளுக்கு அது தெரியாது.
பையை அந்த இருக்கையில் வைத்துவிட்டு
அசந்து தூங்கினாள்,
இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டி.