ஒரு ரொட்டிக்குச் செல்லும்

பியோரியாவில் பனி கொட்டிய செவ்வாய்க்கிழமை.
கதவு மணி அன்றைக்கு ஒருமுறைதான் அடித்தது.
யூசேபியோ அரேச்சேயா.
டிராக்டர் ஆலையில் முப்பத்தொரு வருடம் வெல்டிங்.
இருமல் மிட்டாய் டப்பா ஒன்றை
என் பச்சைத் துணியில் கவிழ்த்தார்.
ஏழு காசுகள்.

பூவா தலையா என்று நான் பார்க்கவில்லை.
சுண்டிக்கூடப் பார்க்கவில்லை.
கண்ணாடி வில்லையை எடுத்து
ஆண்டை மட்டும் படித்தேன்.

மூன்று, வலப்பக்கம்.
தடைக்கு முன்னால் அச்சானவை,
எடைக்கு விலை உண்டு, தேய்மானம் போக.
நான்கு, இடப்பக்கம்.
வாங்கக் கூடாது, விற்கக் கூடாது,
பட்டியலில் படம் போடக் கூடாது.
வக்கீலம்மா சொன்னதை
கல்லாப்பெட்டி மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன்:
சந்தேகம் வந்தால் தொடாதே.

"அதே மீசைக்காரர்" என்றார் யூசேபியோ,
இரண்டு காசை அருகருகே நகர்த்தி.
ஆமாம். அதே மீசை, அதே அகன்ற நெற்றி.
ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம்,
நடுவில் சுண்டுவிரல் அகலத்துக்குத் துணி.
அதைக் கடல் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

செல்லாக் காசு எனக்குத் தெரியும்.
கள்ள அச்சு, ஈயக் கலப்பு,
ராஜா செத்து ராஜ்யமும் போனது.
இவை அப்படி இல்லை.
மெருகு கலையாத வெள்ளி.
சுண்டினால் கணீரென்று கேட்கும்.
யார் காதில் விழக் கூடாது என்பதுதான் தகராறு.

மூன்றுக்கும் அறுபத்தெட்டு டாலர் எண்ணி வைத்தேன்.
நான்கையும் டப்பாவில் போட்டு மூடினார்.
வெளியே பனி. கிளம்பவில்லை.
சும்மா நிற்கிற மனிதரிடம்
எதையாவது சொல்ல வேண்டுமே,
என் வழக்கைச் சொன்னேன்.

போன கோடையில் ஒரு டோக்கனை ஏலத்தில் போட்டேன்.
அலுமினியம், நடுவில் ஓட்டை,
ஏதோ ஒரு பேக்கரி என்றைக்கோ அடித்தது.
'ஒரு ரொட்டிக்குச் செல்லும்.
ஹவானா, இல்லினாய்ஸ்.'
இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரம்,
ஆற்றங்கரையில் சின்ன ஊர்.
விலை நான்கு டாலர்.
சாயங்காலத்துக்குள் என் கணக்கைப் பூட்டிவிட்டார்கள்.
ஊரின் பெயரைப் படித்த எந்திரம்
மாநிலம் வரைக்கும் வரவில்லை.

படிவம் வந்தது.
'இப்பொருளில் அந்த அரசுக்குப் பங்கு உண்டா?'
எழுதினேன்: அந்த அரசிடம் இருப்பது
ஒரு மேயர், ஒரு தண்ணீர்த் தொட்டி,
வருடத்துக்கொரு நாள் கெளுத்தி மீன் வறுவல்.
பதில் வந்தது:
'அந்த ரொட்டி ஏற்றுமதி ஆகவில்லை என்பதற்குச்
சான்று இணைக்கவும்.'

யூசேபியோ சிரித்தார். சிரித்து, இருமி,
டப்பாவைத் திறந்தார், மிட்டாய் இருந்த ஞாபகத்தில்.
அப்புறம் கேட்டார்: "அது இன்னும் இருக்கிறதா?"

நான் கொடுத்த பணத்திலிருந்தே
நான்கு டாலர் எடுத்து வைத்தார்.
"ரசீது வேண்டும். ஊர்ப் பெயரோடு."
எழுதினேன்.
எட்டு மாதப் பழக்கம்,
அந்தப் பெயரில் என் பேனா ஒரு கணம் நின்றது.

பனி கரைந்த பிறகு வந்தார்.
விற்க ஒன்றும் இல்லை.
போய்விட்டு வந்தாராம்.
பேக்கரி இருந்த முகவரியில் டயர்க் கடை.
டோக்கனை மேஜையில் வைத்தாராம்.
பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
அப்பாவைக் கூப்பிட்டானாம்.
அந்த ஆள் கை துடைத்துக்கொண்டு வந்து,
படித்து,
"ரொட்டி இல்லையே ஐயா" என்று,
காரைச் சுற்றி வந்து குனிந்து
நான்கு சக்கரத்துக்கும் காற்றடித்தாராம்.
காசு வாங்கவில்லை.
டோக்கனையும் வாங்கவில்லை.

என் இரண்டாயிரத்து முந்நூறு டாலர்
இன்னும் 'பரிசீலனையில்'.
யூசேபியோ சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்,
உள்ளே அலுமினியம் சத்தமே எழுப்பவில்லை.

"ஒரு ரொட்டி பாக்கி" என்றார்.