ஆறாம் கேள்வி

வின்னிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
தேர்வைத் தள்ளிவைக்கும் படிவத்தில்
ஆறாம் கேள்வி:
இறந்தவர் உமக்கு என்ன முறை?

பெரியப்பா மகன், என்றான் வெஸ்லி பியர்டி.
ஆங்கிலத்தில் அது வெறும் கசின்.
கசினுக்கு இங்கே துக்கநாள் கிடையாது.

அவன் ஊருக்குச் சாலை இல்லை;
ஏரி இறுகினால் லாரி,
காற்று சம்மதித்தால் விமானம்.

பழங்குடி மாணவர் அறையில்
ஜோரின் ஃப்ளெட் நிமிர்ந்தாள்:
க்ரீ மொழியில் அவனை எப்படிக் கூப்பிடுவாய்?

நிஸ்தேஸ்.
குரல் பாதியில் நின்றது.

அண்ணன்,
என்று நிரப்பினாள்.
பொய்யில்லை. முத்திரை ஈரமாய் விழுந்தது.
டிக்கெட்டுக்கு இன்னொரு படிவம்;
அதிலும் அதே கேள்வி.
இம்முறை அவனே எழுதினான்.

போகும்போது புள்ளியியல் புத்தகத்தை
மேசையிலேயே விட்டுப்போனான்.
மறதியா, முடிவா?
ஜோரின் கேட்கவில்லை.
பென்சில் செருகிய பக்கம் கலையாமல்
இழுப்பறையில் வைத்தாள்.