கசிவு தேடல்

நெப்ராஸ்கா. சந்தை மைதானத்தில்
பதினொரு கிழட்டு வீட்டுவண்டிகள்
வாய் பிளந்து நிற்கின்றன.

லோர்னாவின் வண்டி ஒழுகுகிறது,
மூன்று வருஷமாய், சரியாகத் தலையணைமேல்.
கூரை முழுக்கப் பசை அப்பியாயிற்று.
அப்படியும்.

டெல்பெர்ட் ஏணியில். கையில் தோட்டக் குழாய்.
துடைத்துவிட்ட வானத்தின் கீழ்
இந்த ஒரு கூரைக்கு மட்டும் மழை.
உள்ளே ஐந்து பேர்
டார்ச்சை அணைத்து, மூச்சடக்கி.
காலையில் கார்புரேட்டருக்காகக் கட்டிப் புரளாத குறையாய்ச்
சண்டையிட்ட இருவரும்
இப்போது தோளோடு தோள்.

சொட்.

"என் கழுத்தில்!" கத்துகிறான் வெண்டல்,
லாட்டரி விழுந்தவன்போல்.

ராய்ஸ் வெட்டிவைத்த கூரை ஜன்னல் அல்ல;
நெற்றி விளக்கின் ஒற்றைத் திருகாணி.
சுண்டுவிரல் நகமளவு துரு.

லோர்னா அதை உள்ளங்கையில் உருட்டுகிறாள்.
"அந்த ஜன்னலைச் சொல்லித்தானே
அவனைத் துரத்தினேன்."

யாரோ டார்ச்சைப் போடுகிறார்கள்.

"அவனிடம் யாரும்
மூச்சுவிடக் கூடாது."