தாள்

ஜனவரி. ஹாவரில் வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே நான் கோதுமைத் தாள் பிளக்கிறேன்.
நாலாயிரத்து எண்ணூறு தாள்,
தாளுக்கு ஐந்து கணுவிடை,
ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்:
வெறும் குழல் என்றால் ஒன்று,
நெட்டி அடைத்திருந்தால் ஐந்து.
மொன்டானாவிலேயே பெரிய வகுப்பு என்னுடையது.
ஒருத்தரும் கை தூக்குவதில்லை.

ரம்பப்பூச்சிக்குக் குழல்தான் வேண்டும்.
ஜூனில் தாளைத் துளைத்து ஒரு முட்டை வைப்பாள்.
இன்னொருத்தி வந்து அதிலேயே இன்னொன்று.
பொரிந்த புழுக்கள் ஒன்றையொன்று தின்னும்.
மிஞ்சியது கீழே இறங்கி
அறுவடைக்கு முந்தின வாரம்
அடித்தாளைச் சுற்றிலும் அறுத்து,
தன் கழிவாலேயே வாசலை அடைத்து,
அரிதாளுக்குள் உறங்கப் போகும்.
அப்புறம் காற்றின் வேலை.

நெட்டி நிறைந்த தாளில் புழுவுக்கு வழியில்லை.
இதுதான் என் ஆய்வேட்டின் முதல் வாக்கியம்.
மூன்று வருடம் நிமிர்ந்து நின்றது.

போன ஆகஸ்டில் வெர்ல் ஆஸ்ட்பி அழைத்தார்:
"உன் கெட்டித்தாள் ரகம் படுத்துக் கிடக்கிறது."
போனேன். கோபப்படவில்லை அவர்.
தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

முழு வயலும் விழவில்லை.
மேற்கு ஓரம் மட்டும்,
மூன்று மொட்டை விரல் நீட்டியதுபோல்.
விதை கலந்துவிட்டது என்றான் கோல்பி.
மூட்டையைத் தைத்தது யார் என்று
இரண்டு நாள் சண்டை,
பிக்கப் வண்டிக்குள், கண்ணாடி ஏற்றிவிட்டு.

மூன்றாம் நாள் சாயங்காலம்
தண்ணீர் குடிக்க நிழல் தேடினேன்.
ஏப்ரலில் வெர்ல் நிறுத்திய
புதுத் தகரக் குதிர்கள். மூன்று.
அவற்றின் நிழலில் நின்றபடி
காலடியைப் பார்த்தேன்.
விழுந்த கோதுமைமேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் முழுக்க மூட்டம் வேறு.
கிடைத்த கொஞ்ச வெயிலும்
அந்த விரல்களுக்கு எட்டவில்லை.
வெயில் தின்றுதான் தாள் கெட்டிப்படும்.
ஒரே மூட்டை விதை:
அங்கே நாலு, ஐந்து.
இங்கே ஒன்று, ஒன்று, இரண்டு.

கோல்பியிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.
முதல் வாக்கியத்தில் ஓர் "ஆனால்" சேர்த்தேன்.
அது வளர்ந்து இப்போது நாற்பது பக்கம்.
இந்தத் தாளில் எழுத
அந்தத் தாள் விழவேண்டியிருந்தது.

மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவதை
அடியோடு பிளக்கிறேன்.
உயிருள்ள புழு, வெண்ணெய் நிறம்,
வளைந்து கிடக்கிறது.
விளக்குச் சூட்டில் தலையைக் கொஞ்சம் திருப்புகிறது.
படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.

பிளந்த இரண்டு பாதியையும் சேர்த்து
நூல் சுற்றி
குளிர்பெட்டியில் வைத்தேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.
மீதி ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.