குளிர்கால வரவு

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்,
சீன மருந்துக் கடைக்கும் பல் கிளினிக்குக்கும் இடையில்
என் கடை. பெயர்ப்பலகை கிடையாது.
பண்டல் கடை எங்கே என்றால் நாய்கூட வழி காட்டும்.

மாதம் ஒருமுறை கிள்ளானிலிருந்து லோரி வரும்.
நூறு கிலோ மூட்டை. உள்ளே என்ன என்பது
அனுப்பியவனுக்கே தெரியாது.
பட்டையை வெட்டியதும் மூட்டை மூச்சு விடும்:
பாச்சை உருண்டை, யார் வீட்டு அலமாரியோ,
ஒருமுறை பைக்குள் சியோல் ரயில் சீட்டு.

இந்த முறை முழுக்கக் கோட்டு.
கம்பளிக் கோட்டு, இறகு அடைத்த கோட்டு,
கணுக்கால் வரை இறங்கும் ஒட்டக நிறக் கோட்டு.
வெளியே முப்பத்து நாலு டிகிரி.
இந்த ஊருக்குப் பருவம் இரண்டு:
மழை, மழை வரப்போகிறது.
மூன்றாவதும் ஒன்றுண்டு, தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம்;
போன வருட மயில்நீலத்தை அப்போது
சும்மா கொடுத்தாலும் தொடமாட்டார்கள்.

இரவு ஒன்பதுக்கு நேரலை.
போனைப் பால்மாவு டின்னில் சாய்த்து,
வட்ட விளக்கைப் போட்டு,
'இந்த சீசன் ஓவர்சைஸ்தான்,
தோள் இறங்கினாத்தான் ஸ்டைல்' என்கிறேன்.
முதுகில் வியர்வை கோடு போட்டு இறங்குகிறது.
பதினொரு பேர் பார்க்கிறார்கள்.
மூன்று பேர் சொந்தக்காரர்கள்.
ஒருத்தன் எழுதினான்:
'கேமரனுக்கே எனக்கு ஒரு டீ-சட்டை போதும்.'

அதில் ஒரு சிவப்பு இருந்தது.
செம்பனைக் குலையின் சிவப்பு இல்லை, அதில் ஆரஞ்சு அதிகம்.
இது மழையில் தோட்டத்துச் சாலையில்
முன்னே போகும் லோரியின் பின்விளக்கு.
இரட்டை வரிசைப் பொத்தான், இடுப்பில் பட்டை.
ஒரே ஒரு பொத்தானை மட்டும் யாரோ
கறுப்பு நூலில் தைத்திருந்தார்கள், அவசரமாக.
நாற்பது வெள்ளி என்றேன். முப்பத்தைந்து என்றேன்.
ஒரு விரலும் அசையவில்லை.

மறுநாள் தவமலர் வந்தாள்.
உறைகோழி ஆலை வேனில் இருட்டோடு ஏறுகிறவள்.
கையில் ரப்பர் பூட்ஸ், விரல் நுனியெல்லாம் வெள்ளை.
கேட்காமலே சிவப்பை எடுத்துப் போட்டாள்,
காலரைத் தூக்கிவிட்டாள்,
கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று
தன்னை ஒரு தரம் முறைத்தாள்.

'புழுங்கலையா?' காற்றாடியைத் திருப்பினேன்.

'நான் நிக்கிறது மைனஸ் பதினெட்டுல அக்கா.
கம்பெனி கோட்டு எல்லாம் நீலம், எல்லாம் எக்ஸெல்,
முதுகுல நம்பர். பன்னெண்டு பேரு.
கதவு திறந்து புகை வந்தா
யாரு யாருன்னே தெரியாது.'

மேலே நீலம் போட்டுத்தானே ஆகணும் என்றேன்.

'ஆமா. அதுக்குத்தான் எக்ஸெல் குடுத்திருக்கான் போல.
கழுத்துக்கிட்ட ரெண்டு விரல் அளவு தெரியும்.
போதும்.'

இருபத்தெட்டுக்குக் கேட்டாள். முப்பதுக்குக் கொடுத்தேன்.
பொத்தானுக்குச் சிவப்பு நூல் தரவா என்றதற்கு,
வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நேப்பாளப் பெண் வந்து
போனில் ஒரு படம் காட்டினாள்: கழுத்து, இரண்டு விரல் சிவப்பு.
அவளுக்குக் கடுகு மஞ்சள் வேண்டும்.
அடுத்து லோகநாயகி, கட்டம் போட்டது.
ஐடா வந்தாள், பாசிப் பச்சை,
மாற்றிப் பார்க்கக்கூட இல்லை,
காலரை மட்டும் தாடையில் வைத்துப் பார்த்தாள்.
ஒட்டக நிறத்தை யாரும் சீண்டவில்லை.
அது புகையில் தெரியாதாம்.

எந்த ஊர் எந்த மேடையில் முடிவு செய்ததோ,
இந்த வருடம் உடம்பு முழுக்க நிறம் வேண்டுமென்று.
இங்கே தீர்மானமானது காலர்.

விடிய ஐந்தரைக்கு ஷட்டர் தூக்கும்போது
வேன் போகும். கண்ணாடி பூராவும் ஆவி.
உள்ளே யார் என்று தெரியாது.
மஞ்சள், பச்சை, கட்டம்,
கடைசி சீட்டில் லோரியின் பின்விளக்கு.

நேற்று அடுத்த மூட்டையை வெட்டினேன்.
முழுக்க நீச்சலுடை.
இங்கிருந்து கடல் எந்தப் பக்கம் என்று
சட்டென்று சொல்லத் தெரியவில்லை.
இருந்தாலும் கொக்கியில் மாட்டிவிட்டேன்,
யாராவது வருவார்கள்.