புல்வெளி

காலை ஐந்தே முக்காலுக்கு
கேம்பிரிட்ஜில் பழைய கல்லூரி ஒன்றின் பின்கதவால்
உள்ளே போகிறவள் நான்.
பதினொரு வருசம். ஒரே மாடிப்படி, பதினாறு அறை.

அவர்களின் குப்பைக்கூடைகளை எனக்குத் தெரியும்.
கிழித்த கட்டுரை, நித்திரைக் குளிசையின் வெறும் அட்டை,
பூஞ்சணம் பிடித்த கோப்பை.
ஒருத்தன் உடுப்புத் தோய்க்கிற மெசினை
எப்படித் திறப்பதென்று கேட்டான்.
போன மாதம் பேப்பரில் அவன் படம்,
ஏதோ வங்கிக்கு ஆலோசகராம்.

சாம்பவிக்கு இடமில்லை என்று
தை மாதக் கடைசியில் மின்னஞ்சல் வந்தது.
பக்கத்து வீட்டு யோகமலர்
செத்தவீட்டுக்கு வருகிற மாதிரி
ஒரு சட்டி கத்தரிக்காய்க் கறியோடு வந்து
குரலைத் தாழ்த்திக் கதைத்தாள்.
"லெஸ்டரில் விடுதிக் குசினி பெரிசு, அன்ரி"
என்றாள் சாம்பவி, தோசையைப் புரட்டிக்கொண்டே.

பெரிசுதான்.
ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன்:
இங்கத்தைப் பெடியள் கதவு தள்ளுகிற விதம் வேறு.
உள்ளே யாரோ தங்களுக்காகக் காத்திருப்பது
தெரிந்த கை அது.
என் பிள்ளை தட்டிவிட்டு நிற்பாள்.
லெஸ்டரில் அது மாறுமா,
இங்கே வந்திருந்தால் மாறியிருக்குமா,
தெரியாது.

முற்றத்துப் புல்லில்
பேராசிரியர்கள் மட்டுமே நடக்கலாம்,
பலகையில் எழுதியிருக்கிறது.
அடுத்த நாள், விடிய முன்னம்,
வாளியும் கையுமாக
குறுக்கே நடந்தேன்.
ஒன்றும் ஆகவில்லை.
சப்பாத்து நனைந்தது.

பிறகு மாடிப்படியில்
என் ஈரத் தடத்தை
நானே துடைத்தேன்.